உயர் பகு எண்களும் கருத்துரு படைக்கும் கணினி நிரல்களும்

கருத்துரு படைக்கும் நிரல் என்பது, தனக்குக் கொடுக்கப்பட்ட சில அடிப்படைக் கருத்துகளைக் கொண்டு, யாரும் சொல்லித்தராத புதிய கருத்துகளைத் தானே வரையறுக்க முயலும் கணினி நிரல் ஆகும். கொடுத்த கணக்குக்கு விடை காண்பது அதன் வேலையன்று. எதைப் பற்றிக் கணக்குப் போடலாம் என்று தேடுவதே அதன் வேலை. இவ்வகையில் பெரிதும் பேசப்பட்ட முதல் நிரல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் லெனட் தம் முனைவர் பட்டத்துக்காக எழுதி 1976 இல் ஆய்வேடாக அளித்த 'ஏஎம்' ஆகும். அது வரையறுத்த கருத்துருக்களுள் ஒன்று லெனட்டுக்கே புதியதாக இருந்தது. கணித நூல்களைத் தேடிப் பார்த்தபோது, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அதே எண்களை ஆராய்ந்து நீண்ட கட்டுரை எழுதியிருந்தது தெரியவந்தது. ஒரு கருத்தைக் 'கண்டுபிடித்தது' என்று இயந்திரத்தைப் பற்றி எந்த அளவுக்குச் சொல்லலாம் என்ற விவாதத்துக்கு இந்த நிகழ்ச்சி இன்றும் நல்ல தொடக்கமாக உள்ளது.

கருத்துருவை எழுதிவைக்கும் முறை

ஒரு கருத்து கணினிக்குள் எந்த வடிவில் இருக்கும் என்பதை ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டு விளக்கலாம். தொழிற்பேட்டையாலும் சட்டமன்றத் தொகுதியாலும் பலருக்கும் தெரிந்த பெயர் புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி. தட்டான், சாவடி என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர் இது. 'சாவடி' என்பதை ஒரு விண்ணப்பப் படிவம் போல எண்ணிக்கொள்ளலாம். படிவத்தில் சில கட்டங்கள் உள்ளன: எங்கே இருக்கிறது, யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள். சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி ஆகியவற்றில் முன்சொல் 'எதற்காக' என்ற கட்டத்தை நிரப்புகிறது. தட்டாஞ்சாவடியில் அது 'யார்' என்ற கட்டத்துக்குப் போகிறது. எந்தக் கட்டம் என்று சொல்லில் எழுதப்படவில்லை. கேட்பவர் தாமே விரித்துக்கொள்கிறார். தமிழ் இலக்கணம் இதை முன்பே கவனித்து, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று ஒரு வகையை வைத்துள்ளது. மறைந்து நிற்கும் அந்தப் 'பயனை' எடுத்துத் தருவதுதான் கணினிக்குக் கடினமான பகுதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டான் என்றால் பொற்கொல்லர். தட்டான் என்றால் பறக்கும் பூச்சியும்தான். 'யார்' என்ற கட்டத்தில் மனிதர் மட்டுமே வரலாம் என்று கட்டுப்பாடு எழுதியிருந்தால் நிரல் பொற்கொல்லரைத் தேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால், மழைக்கு முன் தட்டான்கள் தாழப் பறந்து கூடும் ஓர் இடம் கிடைக்கிறது. ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்பவருக்கு இது பிழை. கவிதை எழுதுபவருக்கு இது ஒரு புதிய கருத்து. கருத்துருவைக் கட்டங்களாக எழுதிவைப்பது, ஒரு கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்ப்பது, வந்ததில் எது தேறும் என்று மதிப்பிடுவது ஆகிய மூன்று வேலைகளையும் ஏஎம் கணிதத்தில் செய்தது.

ஏஎம் (1976)

ஏஎம் தொடங்கும்போது அதனிடம் 115 கருத்துருக்கள் இருந்தன. கணம், பட்டியல், சேர்ப்பு, வெட்டு போன்ற கணக் கோட்பாட்டின் ஆரம்ப எண்ணங்கள் அவை. எண் என்பதே அவற்றில் இல்லை. ஒவ்வொரு கருத்துருவுக்கும் வரையறை, எடுத்துக்காட்டுகள், பொதுவடிவம், சிறப்புவடிவம், ஒப்புமை, ஊகங்கள், மதிப்பு என்று கட்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை காலியாகவே விடப்பட்டிருந்தன. இவற்றை நிரப்ப வழிகாட்டியவை சுமார் 250 பட்டறிவு விதிகள். நிச்சயமாகச் சரியாக வரும் என்ற உறுதி இல்லாமல், 'இப்படிச் செய்து பார்த்தால் பெரும்பாலும் பலன் உண்டு' என்று அனுபவத்தில் அறிந்த விதிகள் அவை. ஒரு கருத்துக்கு எடுத்துக்காட்டே கிடைக்கவில்லையென்றால் அதன் வரையறையைத் தளர்த்து. எல்லாமே எடுத்துக்காட்டாக வந்தால் இறுக்கு. செய்யத்தக்க வேலைகள் எல்லாம் ஒரு பட்டியலில் காத்திருக்கும். எந்த வேலைக்கு நல்ல காரணங்கள் அதிகமோ அது முதலில் எடுக்கப்படும்.

எண்கள் பிறந்த கதை இதில் சுவையானது. இரண்டு பட்டியல்கள் சமமா என்று பார்க்கும் வரையறை ஏஎம்மிடம் இருந்தது: முதல் உறுப்புகள் சமமாக இருக்க வேண்டும், மீதிப் பட்டியல்களும் அதே வகையில் சமமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளில் முதலாவதை நிரல் நீக்கிப் பார்த்தது. உறுப்புகள் எவையாக இருந்தாலும் கவலையில்லை, இரண்டு பட்டியல்களும் ஒரே நேரத்தில் தீர்ந்தால் போதும் என்றாயிற்று. அதாவது நீளம் சமமாக இருந்தால் போதும். அந்த நீளமே எண். வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புச் சோடிகளைப் பார்த்து விருந்தாளிகளை எண்ணுபவர் செய்வதும் இதுவே.

எண் வந்தபின் கூட்டல் வந்தது, பெருக்கல் வந்தது, பெருக்கலைத் திருப்பிப் போட்டதில் 'ஓர் எண்ணின் காரணிகள்' என்ற கருத்து வந்தது. இங்கே ஒரு பட்டறிவு விதி வேலை செய்தது: ஒரு செயலின் விளைவுகளில் கோடியில் நிற்பவை எவையோ, அவற்றைத் தரும் உள்ளீடுகளைத் தனியே எடுத்துப் பார். காரணிகள் மிகக் குறைவாக உள்ள எண்களை நிரல் எடுத்துப் பார்த்தது. ஒரே காரணி உடையது 1 மட்டும். இரண்டே காரணிகள் உடையவை 2, 3, 5, 7, 11 என்று போகும் பகா எண்கள். மூன்று காரணிகள் உடையவை பகா எண்களின் வர்க்கங்கள். பிறகு அதே விதியின்படி மறுகோடிக்குப் போய், தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகளை உடைய எண்களை எடுத்தது. 'மிகுதியாக வகுபடும் எண்கள்' என்று அவை குறிக்கப்பட்டன. இவைதாம் லெனட் புதியவை என்று நினைத்த எண்கள்.

இராமானுசனின் வழி

சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன் 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய 'உயர் பகு எண்கள்' கட்டுரை வெளிவந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பட்டம் வழங்கியது இந்தப் பணிக்காகவே. கழகத்தின் பண நெருக்கடியால் கட்டுரை முழுவதும் அச்சாகவில்லை. எஞ்சிய பகுதி 1997 இல்தான் ழான் லூயி நிக்கோலா, கி ரொபான் ஆகிய இரு பிரெஞ்சுக் கணிதவியலரின் குறிப்புகளுடன் வெளியானது.

எண்கள் எளியவை: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று வரிசை செல்கிறது. 12க்கு ஆறு காரணிகள், 24க்கு எட்டு, 60க்குப் பன்னிரண்டு, 120க்குப் பதினாறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு சுற்றுக்கு 60 ஆண்டு என்று வைத்துக்கொண்ட நம் முன்னோர் பங்கு போட வசதியான எண்ணைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இராமானுசனின் கேள்வி, காரணிகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளர முடியும் என்பது. அந்த எண்ணிக்கை ஒழுங்கின்றி ஏறி இறங்குகிறது. 60க்குப் பன்னிரண்டு, அடுத்த எண்ணான 61க்கு இரண்டே. அந்த ஏற்ற இறக்கத்தின் உச்சிகளை மட்டும் பிடித்து ஆராய்ந்தால் எல்லையைக் கணிக்கலாம் என்பதால்தான் அவர் உயர் பகு எண்களுக்கு வந்தார். அவற்றின் உள்ளமைப்பையும் நிறுவினார். அத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2 இன் அடுக்குக்கு 3 இன் அடுக்கு மிகாது, 3 இன் அடுக்குக்கு 5 இன் அடுக்கு மிகாது என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர. எடுத்துக்காட்டாக 720720 என்பது 2 இன் நான்காம் அடுக்கு, 3 இன் இரண்டாம் அடுக்கு, பிறகு 5, 7, 11, 13 ஒவ்வொன்றும் ஒருமுறை. அதற்கு 240 காரணிகள். கையால் கணக்கிட்டு 6746328388800 வரை அவர் அட்டவணை தந்தார். அதில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600.

ஏஎம்மின் வழி வேறு. அதற்கு வளர்ச்சி வேகம் என்ற கேள்வி இல்லை. கோடியைப் பார் என்ற விதி மட்டுமே இருந்தது. வரையறையும் எடுத்துக்காட்டுகளும் கிடைத்ததும் அதன் பங்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நிறுவல் எழுதும் திறன் அதற்கு அடியோடு இல்லை. இருவரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள் என்று சொல்வது ஊர்ப் பெயரளவில் சரி. ஒருவருக்கு அது போகும் வழியில் இருந்த ஊர். மற்றதற்கு அதுவே கடைசி நிறுத்தம்.

எதிர்ப்பும் ஒப்புதலும்

1984 இல் 'செயற்கை நுண்ணறிவு' ஆய்விதழில் கிரேம் ரிட்சி, எஃப். கே. ஹன்னா இருவரும் ஏஎம் பற்றிக் கடுமையான கட்டுரை ஒன்றை எழுதினர். ஆய்வேட்டில் விவரித்தபடி நிரல் உண்மையில் இயங்கியதா, எந்த விதி எந்தக் கண்டுபிடிப்புக்குப் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை என்பது அவர்கள் குறை. நிரல் ஓடும்போது அருகில் அமர்ந்திருந்த மனிதர் இடையில் ஒரு கருத்துக்குப் பெயர் சூட்டலாம். பெயர் கிடைத்த கருத்தை நிரல் கூடுதலாகக் கவனிக்கும். 'எண்' என்று ஒருவர் பெயர் வைத்த மறுகணமே தேடலின் திசை மாறுகிறது. அப்படியானால் தேடியது யார்? இது வெறும் வாதத்துக்கான கேள்வி அன்று. குழந்தை உளறிய ஒலியைப் பெற்றோர் 'அம்மா' என்று எடுத்துக்கொள்வது போல, அர்த்தம் பாதி கேட்பவரிடமிருந்து வருகிறது.

அதே ஆண்டு லெனட், ஜான் சீலி பிரவுனுடன் சேர்ந்து, தம் நிரல்கள் ஏன் வெற்றி பெற்றனபோலத் தோன்றுகின்றன என்று தாமே ஒரு கட்டுரை எழுதினார். தம் பணியைத் தாமே இவ்வளவு நேர்மையாக அலசிய அறிவியல் கட்டுரைகள் அரிது. அவர்கள் சொன்ன காரணம்: ஏஎம் எழுதப்பட்ட லிஸ்ப் மொழியின் அமைப்பும் ஆரம்பக் கணிதத்தின் அமைப்பும் மிக நெருக்கமானவை. எனவே வரையறையில் ஒரு வரியை நீக்கினாலும் மாற்றினாலும் பொருளுள்ள கணிதம் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பட்டியல் சமம் நீளச் சமம் ஆனது இதனால்தான். கருத்துருக்கள் அந்த ஆரம்ப நிலையை விட்டு விலகிப் போகப் போக இந்த நெருக்கம் குறைந்தது, பழைய பட்டறிவு விதிகளும் பொருந்தாமல் போயின. நிரல் வறண்டது.

இதற்கு மருந்தாக லெனட் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரலில் பட்டறிவு விதிகளும் கருத்துருக்களாகவே எழுதப்பட்டன. நிரல் தன் விதிகளையே திருத்திக்கொள்ளலாம். 'டிராவலர்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டின் போட்டியில் 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அது வகுத்த கப்பற்படை வென்றது. ஆனால் அதற்குள் ஒரு வேடிக்கையும் நடந்தது. பயனுள்ள கருத்தைக் கண்டுபிடித்த விதிக்கு மதிப்பெண் உண்டு என்பது ஏற்பாடு. ஒரு விதி, மற்றவை கண்டுபிடித்த நல்ல கருத்துகளைத் தேடிப் பிடித்து, 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. மதிப்பெண் உச்சத்துக்கு ஏறியது. மதிப்பிடும் வேலையை நிரலிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தக் காலத்தில் வேறில்லை.

எச்ஆர்: ஹார்டியும் இராமானுசனும்

1990களின் இறுதியில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சைமன் கோல்ட்டன், ஆலன் பண்டி, டோபி வால்ஷ் ஆகியோருடன் உருவாக்கிய நிரலுக்கு எச்ஆர் என்று பெயர். ஹார்டி, இராமானுசன் ஆகியோரின் முதலெழுத்துகளே அவை. உள்ளுணர்வால் கண்டவர் ஒருவர், நிறுவலைக் கேட்டவர் மற்றவர் என்ற பொதுவான எண்ணத்துக்கு ஏற்ப, இந்த நிரலும் தான் கண்ட ஊகங்களை ஆட்டர் என்ற தேற்ற நிறுவல் நிரலிடம் அனுப்பும்.

எச்ஆர் கருத்துருவைப் படிவமாக வைக்கவில்லை, அட்டவணையாக வைத்தது. 'காரணி' என்ற கருத்துரு அதற்கு இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை: ஒரு பக்கம் எண், மறுபக்கம் அதன் காரணி. 6க்கு நேராக 1, 2, 3, 6 என்று நான்கு வரிகள். புதிய கருத்து என்பது பழைய அட்டவணையிலிருந்து புதிய அட்டவணை செய்வது. அதற்குச் சில பொதுவிதிகள் போதும்: எண்ணு, பொருத்து, இணை, மறு, பிரி. காரணி அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வரி என்று எண்ணினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. எண்ணிக்கை 2 ஆக உள்ள வரிகளைப் பிரித்தால் பகா எண்கள். எண்ணிக்கை அட்டவணையை மீண்டும் காரணி அட்டவணையுடன் இணைத்தால் வேறொன்று வருகிறது: தன் காரணிகளின் எண்ணிக்கையாலேயே மீதியின்றி வகுபடும் எண்கள். 12க்கு ஆறு காரணிகள். 6 என்பது 12ஐ வகுக்கும். 10க்கு நான்கு, வகுக்காது. வரிசை 1, 2, 8, 9, 12, 18, 24, 36, 40, 56, 60 எனப் போகும்.

கோல்ட்டன் இவற்றுக்கு 'ரீஃபேக்டரபிள் எண்கள்' என்று பெயரிட்டு, 1999 இல் முழுவெண் வரிசைகளுக்கான இணைய இதழில் இயந்திரத்தின் கண்டுபிடிப்பு என்றே தலைப்பிட்டு வெளியிட்டார். இவற்றில் ஒற்றை எண் எதுவானாலும் அது வர்க்க எண்ணாகவே இருக்கும் என்பது ஓர் அழகான முடிவு. நிறுவல் பள்ளி மாணவருக்கும் எட்டும்: ஒற்றை எண்ணை வகுக்கும் எண்ணும் ஒற்றையே; எனவே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றை; காரணிகள் சோடி சோடியாக வருவதால், எண்ணிக்கை ஒற்றையாவது வர்க்க எண்ணுக்கு மட்டுமே.

பிறகு ஏஎம்முக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. ராபர்ட் கென்னடி, கர்டிஸ் கூப்பர் இருவரும் 1990 இலேயே இந்த எண்களை வேறு பெயரில் வரையறுத்திருந்தனர். ஆனால் இந்த முறை நிரலின் ஒவ்வோர் அடியையும் பிறர் பின்தொடர முடிந்தது. எந்த அட்டவணை, எந்த விதி, எத்தனையாவது படி என்று எல்லாம் வெளிப்படை. 1984 இன் குறைக்கு இது நேரான பதில். எச்ஆர் தந்த எத்தனையோ வரிசைகளில் இது பேசத்தக்கது என்று பொறுக்கி எடுத்தது மட்டும் இப்போதும் பெருமளவு மனிதர் வேலையாகவே இருந்தது.

தமிழ்ப் பாடலில் ஒரு முயற்சி

கணிதத்தில் 'சரி' என்பதற்காவது ஓர் அளவுகோல் உண்டு. பாட்டில் அதுவும் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தில் ஆனந்த் இராமகிருஷ்ணன், சங்கர் குப்பன், சோபா லலிதா தேவி ஆகியோர் மெட்டுக்குத் தமிழ் வரி எழுதும் நிரலை 2009 இல் அமெரிக்காவில் நடந்த மொழிப் படைப்பாற்றல் பட்டறையில் முன்வைத்தனர். குறில், நெடில், மெய் என்ற தமிழின் சொந்த அளவுகளே இங்கு உருப்படிவம் ஆயின. பத்து மெட்டுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரல், புதிய மெட்டுக்கு எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில் என்று கணிக்கும். பிறகு அந்த அச்சில் பொருந்தும் சொற்களை, ஊர்களுக்கிடையே குறுகிய பாதை தேடும் டைக்ஸ்ட்ரா வழிமுறையால் கோத்துத் தரும்.

ஓசைக்கு அச்சு இருந்தது. சொல்ல வந்த பொருளுக்கு இல்லை. அடுத்தடுத்து வரும் சொற்கள் முன்பு அருகருகே வந்தவை என்பது மட்டுமே அவற்றை இணைத்தது. ஆனந்த் இராமகிருஷ்ணனும் சோபா லலிதா தேவியும் 2010 இல் வெளியிட்ட அடுத்த கட்டுரை இக்குறையைக் களைய, கருத்துருக்களையும் அவற்றின் உறவுகளையும் அடுக்கிவைத்த அறிவுத்தளம் ஒன்றிலிருந்து தொடங்கி, சொல்லுருபுகளை ஆக்கும் நிரல் வழியே வரி எழுத முயன்றது. நிலா, இரவு, வெளிச்சம் ஆகியவற்றுக்கு இடையே என்ன உறவு என்பது முதலில் எழுதப்பட வேண்டும். சாவடிப் படிவத்தின் கட்டங்களுக்கே இங்கும் திரும்ப வேண்டியிருந்தது.

இராமானுசன் இயந்திரம் (2021)

இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2021 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட நிரல் தொகுப்புக்கு இராமானுசன் இயந்திரம் என்றே பெயர். பை, ஈ போன்ற மாறிலிகளுக்கான தொடர் பின்னங்களை அது தேடுகிறது. வாய்பாட்டின் வடிவத்தை மனிதர் முன்பே நிர்ணயித்துவிடுகிறார்கள். அந்த வடிவில் அடங்கும் எண்ணற்ற பின்னங்களைக் கணக்கிட்டு, மாறிலியின் தசம இலக்கங்களுடன் நெடுந்தூரம் ஒத்துப்போவதை மட்டும் ஊகமாக வெளியிடும். ஏன் ஒத்துப்போகிறது என்று அது சொல்லாது. நிறுவலின்றி வாய்பாடுகளை நோட்டில் எழுதிவைத்த இராமானுசனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது இதனால்தான். கருத்துருவைப் படைப்பதில் இது ஏஎம்மை விடக் குறுகியது. புதிய வரையறை எதையும் அது ஆக்குவதில்லை. ஆனால் விளைவில் நம்பகமானது, ஏனெனில் அதன் மதிப்பீட்டுக் கட்டத்தில் இலக்கங்களின் ஒப்பீடு மட்டுமே உள்ளது. யூரிஸ்கோவின் விதியைப் போல அதில் யாரும் தம் பெயரை எழுதிக்கொள்ள முடியாது. அது வெளியிட்ட ஊகங்கள் சிலவற்றுக்குக் கணிதவியலர் பின்னர் நிறுவல் தந்துள்ளனர்.